தேன் எடுத்தேன் என்று சொன்னது

1

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சொல்லப்போவதன் எடை உங்களுக்குத் தெரியும்.

சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் பிறந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டின் சுமந்து, சமையல் வேலை என்று சொல்லி ஏஜென்ட் ஏற்றிவிட்ட விமானத்தில் ஜெர்மனிக்கு வந்து, வந்த பிறகுதான் அது பாத்திரம் கழுவும் வேலை என்று தெரிந்துகொண்டு, அதையும் கழுவி, இன்று நியூரம்பெர்க் பக்கத்தில் சொந்த உணவகம் வைத்திருக்கிறேன். பேங்கில் கடன் தரமாட்டோம் என்றார்கள், கடன் இல்லாமலே கட்டினேன். புகைபோக்கி சட்டப்படி இல்லை என்று ஓர் அதிகாரி திரும்பத் திரும்ப வந்து நிறுத்தினார், பிரித்துப் பிரித்துக் கட்டினேன். அந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் மனைவியோடு வந்து என் கடையில் கத்திரிக்காய் குழம்பு கேட்டுச் சாப்பிடுகிறார். சங்கராபுரத்தில் மாடி வீடு கட்டினேன். நைனார்பாளையத்தில் தம்பி ஏழுமலைக்குக் கடை வைத்துக் கொடுத்தேன். இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறதே, அதற்கு முதல் பெஞ்சு என் கடை பெஞ்சு. பொங்கல் பானை பொங்கி, மண்டபத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்தபோது அவர்களையும் உட்காரவைத்துப் பொங்கல் போட்டு அனுப்பியவன் நான்தான்.

இதெல்லாம் என் கையால் கட்டியது. ஒருத்தர் வந்து இல்லை என்று சொல்ல முடியாது.

நான் கட்டாத ஒன்றும் இருக்கிறது. அதையும் என்னுடையது என்று சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேக் தட்டில் சாய்த்து வைத்த செல்போன் வழியாக அது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அதிலிருந்து தூக்கம் சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதலில் பேர் சமாசாரம். இந்த நாட்டில் எல்லோருக்கும் குடும்பப் பேர் வேண்டும். நமக்கு ஏது? வந்த புதிதில் அலுவலகத்தில் ஓர் அம்மாள் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோவிந்தசாமிக்கு முன்னால் நிற்கும் 'மு' என்பது என்ன என்று கேட்டார். அப்பா பேர் முனுசாமி என்றேன். எழுதிக்கொண்டார். அன்றைக்கு நான் ஹெர் முனுசாமி, அதாவது திரு. முனுசாமி ஆனேன். கடலூரைத் தாண்டிப் பார்க்காத என் அப்பாவை இங்கே பல் டாக்டர் முதல் போலீஸ்காரர் வரை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு அது பெருமை. பின்னால் வந்து சேர்ந்த என் மனைவி அலமேலுவுக்கு அது பெரும் பாடு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் "ஃப்ராவ் முனுசாமி!" என்று கூப்பிட்டால் இவள் எழுந்திருக்கமாட்டாள்.

"மாமனார் பேருங்க அது. நான் வாயால சொன்னதே இல்ல. அதைத் தூக்கி என் தலையிலயே கட்டிட்டாங்களே, நான் எப்படிங்க எழுந்து போறது?"

இப்படி எங்களுக்குப் புதிதாக ஒரு குடும்பப் பேர் முளைத்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் மகள் மாலதி அவளோடு படித்த பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் குடும்பப் பேர் ஸைட்லர். ஜெர்மன்காரர்கள் நாக்கை மடக்கி "ட்ஸைட்லர்" என்பார்கள்.

"சைடுலயா? எந்த சைடுல?" என்றாள் அலமேலு.

"சைடுல இல்லம்மா. ஸைட்லர். அது பேரு."

"ஜாதியா?"

"இல்லம்மா. பேரு. வெறும் பேரு."

வெறும் பேர் என்று மாலதி சொன்னது சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே பாதிப் பேர்களைப் பிரித்தால் உள்ளே ஒரு தொழில் உட்கார்ந்திருக்கும். ஷ்மிட் என்றால் கொல்லர், ம்யுல்லர் என்றால் மாவு மில்காரர், ஷ்னைடர் என்றால் தையற்காரர். ஏதோ ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் கூப்பிட்டது, ஒட்டிக்கொண்டது. என் கடைக்கு வரி பார்க்கும் ஷ்னைடருக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது. தைக்கச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. நம் ஊரில் பேரில் தொழில் இருக்காது, ஆனால் பேரைக் கேட்பதற்கு முன்னாலேயே தொழிலைத் தெரிந்துகொள்வார்கள்.

ஸைட்லர் என்றால் காட்டில் தேன் எடுப்பவர். பெட்டியில் தேனீ வளர்ப்பவருக்கு வேறு பேர். ஸைட்லர் காட்டுக்குள் போவார். உயரமான பைன் மரத்தில் கயிறு கட்டி ஏறி, நிற்கிற மரத்திலேயே பொந்து குடைந்து, அதில் குடியேறும் தேனீக்களின் அடையை அறுத்து எடுப்பார். அடையை அறுப்பதற்கு அவர்கள் வைத்திருந்த சொல்லிலிருந்து இந்தப் பேர் வந்தது என்கிறார்கள். இதோ என் கடைக்குப் பின்னால் தெரிகிற காடு, அந்தக் காலத்து ராஜாவின் தேன் தோட்டம். ஸைட்லர்களுக்குத் தனியாக ஒரு பஞ்சாயத்து, வில் வைத்துக்கொள்ளும் உரிமை, காட்டில் மற்றவர் நுழைய முடியாத இடமெல்லாம் இருந்ததாம். மாதா கோயில் மெழுகுவர்த்திக்கு மெழுகும், பண்டிகை ரொட்டிக்குத் தேனும் இவர்களிடமிருந்துதான். சர்க்கரை மலிவாக வந்ததும் தொழில் போயிற்று. பேர் நின்றது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் சம்பந்தி ஒட்டோ ஸைட்லர். போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிறந்தது இங்கே இல்லை. கிழக்கே சிலேசியா என்று ஒரு சீமை, அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது போலந்தில் இருக்கிறது. போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன்காரர்களையெல்லாம் கிளப்பிவிட்டார்கள். கைக்குழந்தை ஒட்டோவைத் தள்ளுவண்டியில் மூட்டைகளுக்கு நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டு அவர் அம்மா இந்த ஊருக்கு வந்திருக்கிறார். ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இவர் பேச்சை மற்ற பிள்ளைகள் பழித்துக் காட்டுவார்களாம். "அகதிப் பயல்" என்பார்களாம். ஜெர்மன்காரருக்கு ஜெர்மனியில் இந்தக் கதி.

அந்த வயதில்தான் ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார்: ஸைட்லர் என்பது இந்தக் காட்டுப் பேர், எந்தக் காலத்திலோ தேனுக்காகக் கிழக்கே போனவர்கள் உன் முன்னோர்களாக இருக்கலாம் என்று. அந்த 'இருக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு ஒட்டோ வாழ்நாள் பூராவும் தொங்கியிருக்கிறார். கோயில் கோயிலாக எழுதிக் கேட்டு, பழைய ஞானஸ்நான, கல்யாணப் பதிவுகளை வரவழைத்து, சிலேசியாவில் ஒரு கோயில் பதிவேடு வரைக்கும் போய்விட்டார். அதற்கு மேலே வழி தெரியவில்லை. ஆனாலும் அவருக்குச் சந்தேகமில்லை. வந்தேறி என்று சொன்ன ஊரில், நான் உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவன் என்று சொல்ல அவரிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் அடுத்ததைப் படிக்க வேண்டும்.

3

சம்பந்தம் பேசுகிற மாதிரி ஒரு விருந்து. ஒட்டோ வீட்டில். அவர் மனைவி அப்போது உயிரோடு இருந்தார். நான் கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தேன். என் ஜெர்மன் அடுப்படி ஜெர்மன். உப்பு, சூடு, சீக்கிரம், மன்னிக்கவும், இவ்வளவுதான் சரளமாக வரும். அதனால் மாலதி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொன்னாள்.

இங்கே வருவதற்கு முன்னால் என்ன தொழில் என்று ஒட்டோ கேட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன்.

"மலையில தேன் எடுத்தேன்னு சொல்லும்மா. கரியாலூர் பக்கம். எடுத்து கள்ளக்குறிச்சியில மருந்துக் கடைங்களுக்குக் குடுப்பேன்."

உங்களுக்கு இது விளங்கும். பாண்டிச்சேரியில் சரக்கு எடுத்தேன் என்று கடைக்காரர் சொன்னால், வாங்கினார் என்று அர்த்தம். தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், யாரும் தறியில் உட்காருவதில்லை. ஆனால் மாலதி ஏழு வயதில் இங்கே வந்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் வீட்டுச் சமையலறையும் கூடமும்தான். சந்தையில் பேசுகிற தமிழ் அவள் காதில் விழுந்ததே இல்லை. தேன் எடுத்தார் என்றால் மலையேறி அடையிலிருந்து எடுத்தார் என்று அவள் ஜெர்மனில் சொல்லிவிட்டாள்.

ஒட்டோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு கையையும் மேலும் கீழும் மாற்றி மாற்றி இழுத்துக் காட்டி, கயிறா என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

நம் தலையாட்டல் ஆமாமா, இல்லையா என்று வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாது, அவராக ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது செல்லாது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் பாத்திரம் கழுவியவனாக உட்கார்ந்திருந்தவன், ஒரு நொடியில் அவருக்குச் சமமாகிவிட்டதைப் பார்த்தேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

மேஜைக்கு அடியில் அலமேலு என் காலை மிதித்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நீங்க எப்பங்க கயிறு ஏறினீங்க? வூட்டுல துணி காயப்போடற கொடிக் கயிறு கட்டவே பக்கத்து வூட்டுக்காரரத்தான கூப்புடுவீங்க."

"வுடுடி. சின்ன விஷயம்."

சின்ன விஷயம் வளர்ந்தது. ஒட்டோ தன் நண்பர்களிடம் சொன்னார். மாலதி தன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, இரண்டு தேன் குடும்பங்கள் சேர்கின்றன என்று பேசினாள், மண்டபமே கைதட்டியது. ஒட்டோ ஒவ்வொன்றாகக் கேட்பார்: புகை எதில் போடுவீர்கள், அடையில் எவ்வளவு விட்டுவைப்பீர்கள், கயிற்றை யார் பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பதில் எல்லாம் சரியான பதில். அவை சடையன் எனக்குச் சொன்னவை.

4

சடையன் கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கத்து மலையாள். மலைக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே போவேன். அவன் பாறையிலிருந்து இறக்கி வடிகட்டி வைத்திருப்பான். நான் எடுத்துக்கொண்டு இறங்குவேன். அவனுக்கு என் பேர் தெரியாது. கேட்டதும் இல்லை. "டின்காரரே" என்பான். மலையில் எல்லோருக்கும் நான் டின்காரர்தான். எனக்கு அது பிடிக்காது. கோவிந்தசாமி என்று அப்பா வைத்த பேர் இருக்கும்போது ஒரு தகர டப்பாவின் பேரா எனக்கு?

பாறையில் கயிறு கட்டி இறங்குபவன் சடையன். மேலே கயிற்றைக் காவல் காப்பவன் அவன் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. அது அவர்கள் வீட்டு வழக்கம். "அண்ணன் தம்பிய நம்ப மாட்டேன்" என்பான் சடையன். "நான் செத்தா அவனுக்கு நெலம் கிடைக்கும். மச்சான் கயித்த வுட்டா அவன் அக்கா தாலி போவும். அதனால வுடமாட்டான்." ஒருமுறை நான் பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். தலை சுற்றி அங்கேயே குந்திவிட்டேன். அவ்வளவுதான் எனக்கும் அந்தப் பாறைக்கும் உள்ள உறவு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தெற்கே, வடக்கே எல்லா ரோட்டிலும் மறியல். நானும் சங்கராபுரம் ரோட்டில் உட்கார்ந்து கத்தியவன்தான். எங்களை எண்ணு, எங்க பங்கைக் குடு. தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பிள்ளை காலேஜ் வாசலை மிதித்தது அதற்குப் பிறகுதான்.

மறியல் கெட்டியாக இருந்த ஒரு நாள் நான் மலையில் மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை. தேன் நிரம்பிய டின்கள். ஒருத்தனால் தூக்க முடியாது. சடையன் "நான் வரேன் வா" என்று ஒரு காவடிக் கம்பில் இரண்டைக் கட்டிக்கொண்டு என்னோடு இறங்கினான். கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டில் புளியமரம் வெட்டிக் குறுக்கே கிடந்தது. மரத்தின் மேல் பையன்கள்.

"யாருய்யா? நில்லு. டின்னுல இன்னா? பெட்ரோலா?"

"தேனுப்பா."

"தேனா! கூட யாரு?"

கூட இருப்பவன் மலையாள் என்று சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்களோ என்னவோ. அன்றைக்கு இருந்த சூட்டில் எனக்குத் தைரியம் வரவில்லை. "நம்மாளுதாம்பா. என் சித்தப்பா மவன். நைனார்பாளையம்" என்றேன்.

"நைனார்பாளையத்துல எந்தத் தெரு?"

சடையன் வாயைத் திறந்தான். "ஊருல இருக்கறதே ஒரு தெரு. அதுல எதச் சொல்றது?"

நைனார்பாளையம் எவ்வளவு பெரிய ஊர், அதில் எத்தனை தெரு என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.  "அவன் வூட்ட வுட்டு வெளிய வரமாட்டாம்பா. அவனுக்கு அவன் வூட்டு வாசல்தான் ஊரு" என்றேன். பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு உள்ளங்கை தேன் வாங்கி நக்கிவிட்டு, டின்களை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிவிட்டதும் அவர்கள்தான்.

கொஞ்ச தூரம் வந்ததும் சடையன் காவடியை இறக்கி வைத்துத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தா பாரு டின்காரரே. இம்மாம் நேரம் உங்க ஆளா இருந்தேன். உடம்புல ஒண்ணும் மாறல."

"மாறாதுய்யா. நட."

"மரத்த எதுக்கு வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க?"

"எங்க பங்கைக் கேக்கறோம்."

"கேளுங்க. நல்லாக் கேளுங்க." காவடியைத் தோளில் ஏற்றினான். "அடுத்த வாட்டி நீ எங்க ஆளா இரு. பாறைக்கு வா. கயித்துல எறக்கறேன். நீ மாறுறியான்னு பாக்கலாம்."

"சித்திரைக்கு வரேன்" என்றேன்.

சித்திரைக்கு முன்னால் ஏஜென்ட் விசாவோடு வந்துவிட்டான். மலைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர எனக்கு நேரம் இருந்தது. போகவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறேன். சங்கராபுரத்து வீட்டு மாடியில் நின்றால் மலை தெரியும். பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். அவன் ஆளாக நான் இங்கே உட்கார்ந்து பேர் வாங்கிக்கொண்டிருக்கும்போது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு மேலே போவது?

5

ஒட்டோவுக்கு வரும் இலையுதிர் காலத்தில் எண்பது. அதற்காக ஒரு பெரிய பலகை தயார் செய்கிறார். மேலே காடு, மரம், கயிற்றில் ஒரு ஸைட்லர். அங்கிருந்து கோடு சிலேசியா போய், தள்ளுவண்டியில் திரும்பி, இந்த ஊருக்கு வருகிறது. அடியில் ஒரே ஒரு கட்டம்: எங்கள் பேத்தி லேனா ஸைட்லர். அவளுக்கு அடுத்த பக்கத்திலிருந்தும் ஒரு கோடு மேலே ஏறுகிறது. அதன் உச்சியில் பென்சிலால் எழுதியிருந்தார்: தேன் எடுப்போர், கல்வராயன் மலை. பக்கத்தில் போட்டோவுக்கு இடம்.

"உங்கள் பாறையின் படம் வேண்டும்" என்றார். "விழா முடிந்ததும் நாம் இருவரும் அங்கே போகிறோம். அந்தப் பாறையில் நான் கை வைக்க வேண்டும்."

பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்வது?

தம்பி ஏழுமலைக்குப் போன் போட்டு, கரியாலூர் பக்கம் ஏதாவது ஒரு பாறையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். ஏதாவது ஒரு பாறை என்றுதான் சொன்னேன். அவன் என்னைவிட நேர்மையானவன். அண்ணன் தேன் எடுத்த பாறை எது என்று டூ வீலரில் போய் மலையில் விசாரித்திருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் ஒட்டோ வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். என் செல்போன் வீடியோவில் அடித்தது. நான் எடுப்பதற்குள் மாலதி பச்சையை அழுத்திக் கேக் தட்டில் சாய்த்து வைத்துவிட்டாள். திரையில் பல் இல்லாத ஒரு வாய். அப்புறம் ஒரு கண். அப்புறம் முழு முகம்.

"ஒண்ணும் தெரியலியே. ஒரே வெளிச்சமா கீது."

"தூரமா புடிங்க பெருசு. அதோ அண்ணன்" என்றது ஏழுமலையின் குரல்.

"டின்காரரே! சித்திரைக்கு வரேன்னியே. எந்த சித்திரைன்னு கேக்க மறந்துட்டேன்."

உயிரோடு இருப்பான் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், இருக்கமாட்டான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

"நல்லா இருக்கியா சடையா?" என்றேன். 

"நான் இருந்துகினுதான் கீறேன். நீதான் காணாம பூட்ட. உன் தம்பி வந்து பாறையப் போட்டோ புடிக்கறான். இன்னாத்துக்கு? பாறைய வித்துடப் போறியா?"

"இல்லப்பா. என் சம்பந்தி பாக்கணும்னாரு."

"செவப்பா குந்திகினு கீறாரே அவுரா? இன்னா வேல அவுருக்கு?"

"போஸ்ட்மேனா இருந்தாரு. ஆனா அவங்க பேருக்கே தேன் எடுக்கறவருன்னுதான் அர்த்தம்."

"ஏறுவாரா?"

"இல்ல."

"அவுங்கப்பன்?"

"அவரும் இல்ல."

"அப்ப பேரு மட்டும் மரத்துல ஏறி குந்திகினு கீது." அவன் சிரிப்பில் போன் ஆடியது. "நல்ல சம்பந்திதான் புடிச்ச. நீயும் எட்டிப் பாத்ததுக்கே தலை சுத்தி குந்துனவன். சொன்னியா இல்லியா அவுருகிட்ட?"

மாலதியின் கையிலிருந்த காபிக் கோப்பை அப்படியே நின்றது. அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். ஒட்டோ முகம் பூராவும் சிரிப்போடு மாலதியைப் பார்த்து, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மாலதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "மலையில் நல்ல மழையாம்."

6

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் மாலதிதான் ஆரம்பித்தாள்.

"அப்பா. எடுத்தேன்னா இன்னா?"

நான் ரோட்டையே பார்த்தேன்.

"கேக்கறேன்ல. தேன் எடுத்தேன்னா இன்னா?"

"வாங்கினேன்னு அர்த்தம்மா. யாவாரத்துல அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்ப நான்தான் தப்பா சொன்னேனா?"

"நீ தப்பு இல்ல."

"நான்தான்பா சொன்னேன். கல்யாணத்துல மைக் புடிச்சி சொன்னேன். நீங்க முன்னாடி ஒக்காந்து கை தட்டினீங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு அந்தத் தாத்தா பேசினத நானே மறைச்சிட்டேன். ஏம்பா என்னை இப்படிப் பண்ண வெச்சீங்க?"

பின்சீட்டில் லேனா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்துக்கொண்டிருப்பவள், தன்பாட்டுக்குச் சொன்னாள்: "தாத்தா, எடுத்தேன்லயே தேன் இருக்குது. எடுத்-தேன்."

வேறு நாளாக இருந்தால் அதற்கு அவளைத் தூக்கிக் கொஞ்சியிருப்பேன்.

மறுநாள் நான் தனியாக ஒட்டோ வீட்டுக்குப் போனேன். மாலதியை அழைக்கவில்லை. என் பொய்யைச் சுமந்து சொன்ன வாய், அதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? என் அடுப்படி ஜெர்மன் போதாது என்று தெரியும். அதனால் கடையிலிருந்து காலி எண்ணெய் டின் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் நின்று டின்னைத் தட்டி, "நான், இது" என்றேன். இரண்டு கையையும் மாற்றி மாற்றி இழுத்துக் காட்டி, "சடையன். நான் இல்லை. ஒருநாளும் இல்லை" என்றேன். வாங்கினேன், விற்றேன், மன்னிக்கவும். அதற்குமேல் சொல் இல்லை.

ஒட்டோ புரிந்துகொண்டார். எப்போதும் கதவைத் திறந்ததும் காபி என்பவர், அன்று அதைச் சொல்லவில்லை. பலகை இருந்த அறைக்குப் போனார். நான் டின்னோடு பின்னால் போனேன். ரப்பரை எடுத்து, 'தேன் எடுப்போர்' என்ற எழுத்துகளை மெதுவாக அழித்தார். ரப்பர் தூளை ஊதித் தள்ளினார். பிறகு சிலேசியாக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பதிவேட்டில் இருக்கும் ஸைட்லர் செருப்பு தைத்தவர்" என்றார். "அவர் மகனும், அவர் பேரனும் அதுதான். நான் இங்கே எழுதவில்லை."

எனக்கு விளங்குவதற்காக, காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் காட்டி, ஊசியால் குத்துகிற மாதிரி செய்தார். இரண்டு கிழவர்கள், ஒருவர் கையில் செருப்பு, ஒருவர் கையில் டின். சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தாரே, அதைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

ஒரு வாரம் கழித்து மாலதி மூலமாகச் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்துக் கட்டத்தில் 'உணவக உரிமையாளர், இந்தியா' என்று போடலாமா என்று. மரியாதையான சொல்தான். மாலதிக்கும் சம்மதம். "போதும்பா, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

போதாது. பலகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் என் கோரிக்கையை இங்கே எழுதி வைக்கிறேன். சம்பந்திக்கு மாலதி வாசித்துச் சொல்லட்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள் நீங்கள் சாட்சி.

அந்தக் கோட்டின் உச்சியில் சடையன் பேர் வர வேண்டும். பாறையில் இறங்கியவன் அவன். எங்கள் ரத்தம் இல்லையே என்றால், கோட்டைப் புள்ளி புள்ளியாகப் போடுங்கள். அவனுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்த அவன் மச்சான். அவர் பேரைக்கூட நான் அந்தக் காலத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஏழுமலை கேட்டுச் சொல்வான். வரும் சித்திரையில் நானே மேலே போய், இந்த உடம்பைக் கயிற்றில் கட்டச் சொல்லப்போகிறேன். பாதி தூரமாவது இறக்குவான். திட்டிக்கொண்டே இறக்குவான். சம்பந்தி உடன் வர விரும்பினால் கயிற்றின் இன்னொரு முனையை அவர் பிடிக்கலாம். அது கல்யாண உறவுக்காரர்கள் பிடிக்க வேண்டிய இடம்.

அதற்குக் கீழே என் கட்டம். அதில் உணவகம் வேண்டாம். கொல்லர், தையற்காரர், செருப்பு தைத்தவர் என்று இந்த ஊர் பேர் வைத்த மாதிரி, மலை எனக்கும் ஒரு பேர் வைத்தது. நான்தான் அதை மதிக்காமல் விட்டேன். டின்காரர். ஜெர்மனில் அதற்குச் சொல் இல்லை என்று மாலதி சொல்கிறாள். தமிழிலேயே எழுதட்டும். லேனா எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வாள்.

தேனை நான் எடுக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும், பஸ் இருந்த நாளிலும் இல்லாத நாளிலும், அதை ஒரு சொட்டு சிந்தாமல் இறக்கிக் கொண்டுவந்தவன் நான். அந்தப் பங்கு என்னுது. எழுதுங்கள்.